பல அலைவரிசைகளை ஒரே ஆன்டெனாவில் இணைப்பது எப்படி? செல் தளப் பொறியாளருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு செக்டாருக்கு (கோபுரம் ஒரு திசையில் கவனிக்கும் பகுதிக்கு) ஓர் ஆன்டெனா, ஓர் ஆன்டெனாவுக்கு ஓர் அலைவரிசை என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று இந்தியாவில் ஏலம் எடுக்கப்பட்டு நிறுவனங்களின் கையில் இருக்கும் அலைவரிசைகளை எண்ணினால் 700, 800, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் என்று நீளும். ஒரே நிறுவனமே ஒரே கோபுரத்தில் இவற்றில் நான்கைந்தை இயக்குகிறது. கோபுரமோ பழைய கோபுரம். அதன் கம்பங்களில் இடம் இல்லை. இடம் இருந்தாலும் காற்றுச் சுமைக் கணக்கு இன்னோர் ஆன்டெனாவை அனுமதிப்பதில்லை. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், மதுரையில் தாங்கும் அதே ஆன்டெனா அடுக்கு சென்னையில் ஏறத்தாழ 1.6 மடங்கு விசையைச் சந்திக்கும். ஆகவே இருக்கும் ஆன்டெனாவின் போர்ட்டுகளையே (கேபிள் இணையும் முனைகளையே) பங்கிட வேண்டிய கட்டாயம் வருகிறது.

அந்தப் பங்கீட்டைச் செய்யும் கருவிதான் காம்பைனர். அதை வாங்கி மாட்டுவது அரை நாள் வேலை. எந்த இரண்டு அலைவரிசைகளை ஒரே போர்ட்டில் சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. அந்த முடிவு கோபுரத்தில் ஏறும் முன்பே தாளில் எடுக்கப்பட வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தாளில் செய்யும் வேலையைப் பற்றியே இருப்பதற்கு அதுவே காரணம்.

படி 1: போர்ட்டுகளை எண்ணுதல்

முதலில் செக்டார் வாரியாக இரண்டு பட்டியல்கள் எழுத வேண்டும். ஒன்று, ஆன்டெனாவில் உள்ள போர்ட்டுகள். மற்றொன்று, ரேடியோக்களில் (சமிக்ஞையை அனுப்பிப் பெறும் பெட்டிகளில்) இருந்து வரும் போர்ட்டுகள். பல தயாரிப்பாளர்கள் தாழ் அலைவரிசைப் போர்ட்டுகளைச் சிவப்பு வளையத்தாலும் உயர் அலைவரிசைப் போர்ட்டுகளை மஞ்சள் வளையத்தாலும் குறிக்கிறார்கள். பொதுவாக முன்னது 698 முதல் 960 வரையும், பின்னது 1695 முதல் 2690 வரையும் வேலை செய்யும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் போர்ட்டின் அருகே பொறித்திருக்கும் எண்களைப் படித்து எழுதுவது நல்லது. சில பழைய ஆன்டெனாக்களில் மஞ்சள் போர்ட் 2180-உடன் முடிந்துவிடும். அதில் 2300-ஐ இணைத்தால் எச்சரிக்கை எதுவும் வராமலேயே கவரேஜ் கெட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். செக்டாரில் ஆறு போர்ட் ஆன்டெனா ஒன்று இருக்கிறது: தாழ் போர்ட்டுகள் இரண்டு, உயர் போர்ட்டுகள் நான்கு. ரேடியோக்கள் நான்கு: 900, 1800, 2100, 2300. ஒவ்வொன்றிலும் இரண்டு போர்ட்டுகள். 900 தாழ் போர்ட்டுகளில் நேராக அமர்ந்துவிடும். மீதி மூன்று ரேடியோக்களுக்கு ஆறு போர்ட் வேண்டும், இருப்பதோ நான்கு. ஏதேனும் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்தே ஆக வேண்டும். எந்த இரண்டு?

அதற்கு முன் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். சேர்க்காமல் தப்ப முடியுமா? 1800, 2100 இரண்டையும் ஒரே பெட்டிக்குள் உருவாக்கி ஒரே போர்ட்டில் வெளியே தரும் இரட்டை அலைவரிசை ரேடியோக்கள் சந்தையில் உள்ளன. அவற்றில் சேர்க்கும் வேலை உள்ளேயே நடந்துவிடுவதால் வெளியே ஒரு பெட்டியும் நான்கு கனெக்டர்களும் மிச்சம். பட்ஜெட் இடம் கொடுத்தால் என் தேர்வு எப்போதும் அதுதான். 3300 மெகாஹெர்ட்ஸில் பயன்படும் மாசிவ் மைமோ எனும் பல கூறு ஆன்டெனாக்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்; ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே உடலாக இருப்பதால் அவற்றில் காம்பைனர் மாட்ட வெளிப் போர்ட்டே கிடையாது.

படி 2: இடைவெளியைப் பார்த்துக் காம்பைனரின் வகையைத் தீர்மானித்தல்

காம்பைனர்களில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று வடிகட்டி வகை. டைப்ளெக்சர், டிரைப்ளெக்சர் என்பவை இதைச் சேர்ந்தவை. ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஓர் அலைவரிசையை மட்டும் அனுமதித்து மற்றதைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு மிகக் குறைவு. 0.3 டிபி (டெசிபல், திறன் விகிதத்தைச் சொல்லும் அலகு) இழப்புள்ள வடிகட்டியில் 40 வாட் நுழைந்தால் ஏறத்தாழ 37.3 வாட் வெளியே வரும். மற்றொன்று ஹைப்ரிட் வகை. அதற்கு அலைவரிசை பற்றிய கவலை இல்லை. ஒரே அலைவரிசையில் உள்ள இரண்டு ரேடியோக்களைக்கூடச் சேர்த்துவிடும். விலையாக 3 டிபி கேட்கும். அதாவது 40 வாட்டில் 20 வாட் ஆன்டெனாவுக்குப் போகும், மீதி 20 வாட் சுமைத் தடையத்தில் வெப்பமாக வீணாகும். கட்டடத்துக்குள் அமைக்கும் சிறு அமைப்புகளில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. கோபுரத்தில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையில் எடுக்க வேண்டியது.

வடிகட்டி வகைக்கு அலைவரிசைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். 900-ஐயும் 1800-ஐயும் பிரிப்பது எளிது. நடுவில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெற்றிடம் இருக்கிறது. 1800-இன் டவுன்லிங்க் (கோபுரத்திலிருந்து கைபேசிக்குப் போகும் பாதை) 1880-இல் முடிகிறது, 2100-இன் அப்லிங்க் (கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு வரும் பாதை) 1920-இல் தொடங்குகிறது. நடுவே 40 மெகாஹெர்ட்ஸ். நல்ல குழி வடிகட்டிகளுக்கு இது போதும். 2170-க்கும் 2300-க்கும் இடையே 130 மெகாஹெர்ட்ஸ் இருப்பதால் அதுவும் சிரமமில்லை.

தொல்லை தருவது 800-உம் 900-உம்தான். அரசு ஆவணங்களில் 800 என்று குறிக்கப்படும் பட்டையின் டவுன்லிங்க் 869 முதல் 889 வரை; 900-இன் அப்லிங்க் 890-இல் தொடங்குகிறது. ஒருவர் பேசும் வாய்க்கும் அடுத்தவர் கேட்கும் காதுக்கும் நடுவே 1 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சிடிஎம்ஏ என்ற பழைய செல்பேசித் தொழில்நுட்பத்தின் காலத்திலிருந்தே இந்த எல்லையில் குறுக்கீட்டுத் தகராறு இருந்துவருகிறது. இந்த இரண்டையும் குறைந்த இழப்பில் சேர்க்க வேண்டுமானால், பட்டை முழுவதற்கும் பொதுவான வடிகட்டியால் முடியாது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்று பார்த்து, அந்தத் துண்டுகளுக்கென்றே இசைத்த வடிகட்டியைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் இயலாவிட்டால் தனித்தனிப் போர்ட்டே கதி.

பிரிப்புத்திறன் (ஓர் உள்ளீட்டின் சமிக்ஞை மற்றதில் கசியாமல் தடுக்கும் அளவு) எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டிவிடுகிறேன். செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதிகளின்படி, ஒரே தளத்தில் அருகருகே நிற்கும் பெரிய அடிநிலையம் ஒன்று மற்றொன்றின் அப்லிங்கில் கசியவிடக்கூடிய அதிகபட்சம் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மைனஸ் 96 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). இரண்டுக்கும் நடுவே 30 டிபி பிரிப்பு இருக்கும் என்று அந்த விதி எடுத்துக்கொள்கிறது. ஆக மறுமுனைக்குப் போய்ச் சேர்வது மைனஸ் 126 டிபிஎம். அதே 100 கிலோஹெர்ட்ஸில் இயற்கை வெப்ப இரைச்சல் மைனஸ் 124. ரிசீவரின் சொந்த இரைச்சல் 5 டிபி என்று கொண்டால் மைனஸ் 119. கசிவு அதைவிட 7 டிபி கீழே இருந்தும் அப்லிங்க் உணர்திறனில் ஏறத்தாழ 0.8 டிபியைத் தின்றுவிடுகிறது. காம்பைனரில் 50 டிபி பிரிப்பு இருந்தால் இந்தப் பாதிப்பு கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கும். ஆகவே வாங்கும் விவரக்குறிப்பில் 50 டிபி என்று எழுதுங்கள். 30 போதும் என்று யாராவது சொன்னால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

படி 3: பிம் கணக்கு

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். இரண்டு வலுவான சமிக்ஞைகள் ஒரே உலோகப் பாதையில் போகும்போது, அந்தப் பாதையில் எங்கேனும் தளர்ந்த கனெக்டரோ, துருவோ, உலோகத் துகளோ இருந்தால் அவை கலந்து புதிய சமிக்ஞைகளைப் பிறப்பிக்கின்றன. மின்சாரம் ஊட்டாத பொருளிலேயே இது நடப்பதால் இதன் பெயர் செயலற்ற இடைக்கலப்பு. தளத்தில் எல்லோரும் பிம் என்பார்கள். அதில் வலுவானது மூன்றாம் படிக் கலப்பு. ஓர் அலைவெண்ணை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அது விழும் இடம் கிடைக்கும். அது எந்த அப்லிங்கிலாவது விழுந்தால் அந்த அப்லிங்க் செவிடாகும்.

ஒரே பட்டைக்குள்ளும் இது நடக்கும். 935-ஐ இரட்டித்து 960-ஐக் கழித்தால் 910. அது 900-இன் சொந்த அப்லிங்குக்குள் விழுகிறது. 1805-ஐ இரட்டித்து 1880-ஐக் கழித்தால் 1730. அது 1800-இன் அப்லிங்க். 800-உம் 900-உம் சேர்ந்தால் 880-ஐ இரட்டித்து 935-ஐக் கழித்து 825. அது 800-இன் அப்லிங்க். கலக்கவே தேவையில்லாத ஒன்றும் உண்டு: 800-இன் டவுன்லிங்கை வெறுமனே இரட்டித்தால் 1738 முதல் 1778 வரை வருகிறது, அது 1800-இன் அப்லிங்கின் நட்ட நடுவே.

பட்டை முழுவதையும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே எதன்மீதாவது விழுவதாகத்தான் தோன்றும், பயந்து போவோம். ஆகவே நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட உண்மையான துண்டுகளை வைத்தே கணக்கிட வேண்டும். நம் எடுத்துக்காட்டுச் செக்டாரில் 1800-இன் டவுன்லிங்க் 1855–1865 என்றும், 2300 துண்டு (அதில் அப்லிங்கும் டவுன்லிங்கும் ஒரே துண்டில் நேரம் மாற்றி இயங்கும்) 2340–2370 என்றும், 2100-இன் டவுன்லிங்க் 2112–2117 என்றும் வைத்துக்கொள்வோம். 1800-ஐயும் 2100-ஐயும் சேர்த்தால், 2112-ஐ இரட்டித்து 1865-ஐக் கழித்து 2359. 2117-ஐ இரட்டித்து 1855-ஐக் கழித்து 2379. 2359 முதல் 2379 வரையிலான இந்தக் கலப்பு 2300 துண்டின் மேல்பகுதியில் நேராக விழுகிறது. 2100-ஐயும் 2300-ஐயும் சேர்த்தாலோ கலப்பு 1854 முதல் 1894 வரை விழும். 2100-இன் அப்லிங்க் 1922–1927-இல் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இப்போது 2100 துண்டை மட்டும் 2150–2155 என்று மாற்றிப் பாருங்கள். 1800-உடனான கலப்பு 2435 முதல் 2455 வரை போய்விடுகிறது; 2300-க்கு நிம்மதி. ஆனால் 2300-உடனான கலப்பு 1930 முதல் 1970 வரை வந்து, 1960–1965-இல் இருக்கும் 2100-இன் அப்லிங்கை முழுதாக மூடுகிறது. அலைவரிசைகளின் பெயர் அதேதான். துண்டு 38 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்ததும் விடை தலைகீழாகிவிட்டது. ஒரு வட்டாரத்துக்குப் போட்ட வடிவமைப்பை இன்னொரு வட்டாரத்துக்கு அப்படியே நகல் எடுப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அலைக்கற்றை உரிமங்கள் வட்டாரம் வட்டாரமாகவே வழங்கப்படுகின்றன, துண்டுகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

மூன்றாவதாக ஓர் இணை இருக்கிறது: 1800-உம் 2300-உம். இவற்றின் மூன்றாம் படிக் கலப்புகள் ஒரு பக்கம் 1500-க்குக் கீழேயும் மறுபக்கம் 2700-க்கு மேலேயும் விழுவதால், இரண்டு சூழலிலும் இந்த மூன்று ரேடியோக்களின் அப்லிங்க் எதையும் தொடுவதில்லை. வடிகட்டிக்கும் நடுவே 420 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. பிம் கணக்கை மட்டும் பார்த்தால் இதுவே சிறந்த இணை. ஆனால் தீர்ப்பு இன்னும் முடியவில்லை. ஆன்டெனாவின் கதிரைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் கோணமான டில்ட் பாக்கி இருக்கிறது.

கலப்பு விழும் துண்டு வேறு போர்ட்டில் இருந்தால் ஆபத்து குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்டெனாவின் போர்ட்டுகளுக்கு இடையே பொதுவாக 25 முதல் 30 டிபி வரை பிரிப்பு இருப்பதால், முதல் சூழலில்கூட 1800-உம் 2100-உம் சேர்ந்த பாதையில் பிறக்கும் பிம், அடுத்த போர்ட்டில் இருக்கும் 2300-க்குத் தேய்ந்தே போய்ச் சேரும். ஆன்டெனாவுக்கு வெளியே, முன்னால் உள்ள துருப்பிடித்த தகட்டில் பிறக்கும் பிம் மட்டும் இந்தச் சலுகையைத் தராது. அங்கே எல்லாச் சமிக்ஞைகளும் காற்றிலேயே கலக்கின்றன.

படி 4: டில்ட் என்னும் விலை

இரண்டு அலைவரிசைகள் ஒரே போர்ட்டில் நுழைந்தால் இரண்டும் ஒரே கதிர்க்கூறு வரிசையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே இரண்டுக்கும் ஒரே மின்னியல் டில்ட்தான். 1800-ஐ 4 பாகையிலும் 2300-ஐ 6 பாகையிலும் வைக்க விரும்பும் திட்டமிடல் பொறியாளர், சேர்த்த பிறகு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கிராமப்புறத்தில் 1800 தொலைவுக்குப் போக வேண்டிய அடுக்காகவும், 2300 அருகில் உள்ளவர்களுக்குக் கொள்ளளவு தரும் அடுக்காகவும் இருப்பதால் இந்தப் பிணைப்பு உறுத்தும். 1800-உம் 2100-உம் பரவும் விதத்தில் கிட்டத்தட்ட ஒன்றானவை. அவற்றைப் பிணைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆக நெரிசலான நகரத் தளத்தில், தளங்கள் 400 மீட்டர் இடைவெளியில் நின்று எல்லா அடுக்குகளுக்கும் டில்ட் ஒரே மாதிரி இருக்குமிடத்தில், நான் 1800-ஐயும் 2300-ஐயும் சேர்ப்பேன். நெடுஞ்சாலையோரத் தளத்தில், பிம் கணக்கு இடம் கொடுத்தால், 1800-ஐயும் 2100-ஐயும் சேர்ப்பேன். இதைத் தனியே முடிவெடுக்காமல் திட்டமிடல் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது முக்கியம். ஆறு மாதம் கழித்து டில்ட்டை மாற்றச் சொல்லி ஆணை வரும்போது, இரண்டு அலைவரிசைகளும் சேர்ந்தே சாயும் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது.

படி 5: திறன், நேர்மின்சாரம், டில்ட் மோட்டார்

திறன் கணக்கு சுருக்கமானது. ஒரே போர்ட்டில் சேரும் சராசரி வாட்டுகளைக் கூட்டி, காம்பைனரின் பொது முனையும் ஆன்டெனா போர்ட்டும் தாங்கும் அளவோடு ஒப்பிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 40-உம் 40-உம் சேர்ந்து 80 வாட். உயர் போர்ட்டுகள் பெரும்பாலும் 200 வாட்டுக்கு மேல் தாங்கும். உச்சத் திறனைக் கணக்கிடும்போது வாட்டுகளைக் கூட்டக் கூடாது, மின்னழுத்தங்களைக் கூட்ட வேண்டும். சமமான இரண்டு சமிக்ஞைகளின் உச்சங்கள் ஒரே கணத்தில் சந்தித்தால் உச்சத் திறன் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

நேர்மின்சாரத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். டில்ட்டை மாற்றும் மோட்டார்களுக்கு ரேடியோ 10 முதல் 30 வோல்ட் வரை நேர்மின்சாரமும், ஆன்டெனாக் கட்டுப்பாட்டுக்கான ஏஐஎஸ்ஜி 2.0 நெறிமுறையின்படி 2.176 மெகாஹெர்ட்ஸில் கட்டளைகளும் அனுப்புகிறது. இவை தனிக் கேபிளில் போகலாம். ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் சிறு கேபிளான ஜம்பர் வழியாகவே போகவும் செய்யலாம். ஜம்பர் வழி போவதாக இருந்தால் காம்பைனரின் எந்த உள்ளீடு மின்சாரத்தைக் கடத்துகிறது, எது தடுக்கிறது என்று லேபிளில் பார்க்க வேண்டும். மோட்டாரை இயக்க வேண்டிய ரேடியோவைத் தடுக்கும் உள்ளீட்டில் மாட்டினால் மோட்டார் கண்ணில் படாது. இரண்டு ரேடியோக்களும் ஒரே நேரத்தில் மின்சாரம் அனுப்பினால் ஒன்றில் மிகைமின்னோட்ட எச்சரிக்கை எழலாம். எந்த ரேடியோ எசமான் என்பதை ஒரே ஒரு பெயராக வடிவமைப்புத் தாளில் எழுதி, மற்றதில் அந்த மின்சாரத்தை மென்பொருளில் அணைத்துவிடுங்கள்.

படி 6: கோபுரத்தில் செய்யும் வேலை

ஏறும் முன் அந்தச் செக்டாரின் எல்லாக் கேரியர்களும் (ஒலிபரப்பாகும் அலைகளும்) அணைக்கப்பட்டதைக் கட்டுப்பாட்டு மையத்திடம் உறுதிசெய்யுங்கள். ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் கனெக்டரைத் திறப்பது கையையும் சுடும், ரேடியோவையும் சுடும். வேறு நிறுவனத்தின் ஆன்டெனா அதே உயரத்தில் இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும்.

காம்பைனரை ஆன்டெனாவுக்கு மிக அருகில், போர்ட்டுகள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். ரேடியோக்கள் மேலேயே இருந்தால் ஒரு காம்பைனர் போதும். ரேடியோக்கள் தரையில் இருந்து, ஒரே ஃபீடரில் (கோபுரத்தில் மேலேறும் தடித்த கேபிளில்) இரண்டு அலைவரிசைகளை ஏற்றி மேலே பிரிப்பதானால் இரண்டு காம்பைனர்கள் தேவைப்படும். இழப்பும் இரண்டு முறை. 7/8 அங்குல ஃபீடரின் இழப்பு 100 மீட்டருக்கு 900-இல் ஏறத்தாழ 4 டிபி, 2100-இல் ஏறத்தாழ 6 டிபி என்பதால், 40 மீட்டர் ஃபீடரில் 2100 மட்டும் 2.4 டிபியை முன்பே இழந்து நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கனெக்டர்களை டார்க் ரெஞ்ச் கொண்டே முடுக்க வேண்டும். 7/16 டின் வகைக்கு 32 மில்லிமீட்டர் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 4.3-10 வகைக்கு 22 மில்லிமீட்டர் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டர். பழைய கைப்பழக்கத்தில் 4.3-10-ஐ 25-க்கு முடுக்கியவர்கள் கனெக்டரின் உட்பகுதியை நசுக்கியிருக்கிறார்கள். முடுக்கும்போது ஜம்பர் சுழலக் கூடாது. நட்டு மட்டுமே சுழல வேண்டும். அதற்கு முன் இரண்டு முகங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த நார் உதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, பித்தளைச் சீவல் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். நகக்கண் அளவு சீவல் ஒன்று போதும், பிம் சோதனை தோற்பதற்கு.

ஈரக்காப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மீது படிந்திருந்தால்தான் மழைநீர் உள்ளே இறங்காது. ஜம்பர் ஒவ்வொன்றும் கனெக்டருக்கு முன் சற்றே கீழே தொங்கி மேலே ஏறட்டும். இரு முனைகளிலும் ஒரே எழுத்தில் லேபிள் கட்டுங்கள். எஃகுக் கட்டுக்கம்பியை ஆன்டெனாவுக்கு அருகில் பயன்படுத்த வேண்டாம்.

படி 7: அளவீடு

முதலில் அலைத்திரும்பல். செலுத்திய சமிக்ஞையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்தான் விஎஸ்டபிள்யூஆர். விஎஸ்டபிள்யூஆர் 1.5 என்பது 14 டிபி திரும்பலிழப்பு, 1.3 என்பது 17.7 டிபி. ஆன்டெனாவுக்கு 1.5 ஏற்கத்தக்கது; ஜம்பர்களுக்கு 1.3-க்குக் குறைவாக எதிர்பாருங்கள். காம்பைனர் வழியாக அளக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு: அந்த உள்ளீட்டின் கடத்துபட்டைக்கு வெளியே எல்லாமே முழுத் திரும்பலாகத் தெரியும், அது பழுது அல்ல. பழுதின் தொலைவைக் காட்டும் அளவீடும் மங்கலாகும். 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மட்டும் அளந்தால் ஏறத்தாழ 1.8 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு கனெக்டர்களை அது பிரித்துக்காட்டாது. ஆகவே காம்பைனரை இணைக்கும் முன்பே ஆன்டெனாப் பக்க ஜம்பரை அகலமான பட்டையில் ஒருமுறை அளந்து கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிம். ஐஇசி 62037 தரத்தின்படி தலா 43 டிபிஎம், அதாவது 20 வாட், உள்ள இரண்டு சமிக்ஞைகளைச் செலுத்தி, பிறக்கும் கலப்பை அளக்கிறோம். நல்ல ஆன்டெனாக்கள் ஆலையில் மைனஸ் 153 டிபிசி (செலுத்திய சமிக்ஞையோடு ஒப்பிட்ட டெசிபல்) காட்டும். அதாவது மைனஸ் 110 டிபிஎம். அளந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கனெக்டரையும் ரப்பர் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். எண் துள்ளினால் பழுது அங்கேதான். ஒற்றைப் பட்டைச் சோதனைக் கருவி இரண்டு பட்டைகளுக்கு இடையிலான கலப்பைக் காட்டாது என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கருவியில் தேறியது பாதித் தேர்ச்சிதான்.

படி 8: ஒலிபரப்பில் வைத்துச் சோதித்தல்

மீதிப் பாதியை இங்கே நடத்துகிறோம். நள்ளிரவில், போக்குவரத்து அடங்கிய நேரத்தில், எல்லாக் கேரியர்களின் டவுன்லிங்க் சுமையையும் அணைத்து ஒவ்வோர் அப்லிங்கின் இரைச்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்டிஇ-யில் (4ஜி) ஒரு வளத்தொகுதிக்கு, அதாவது அலைவரிசையின் சிறு பங்கீட்டு அலகுக்கு, வெப்ப இரைச்சல் மைனஸ் 121.4 டிபிஎம், ரிசீவரின் இரைச்சலையும் சேர்த்தால் மைனஸ் 118 அருகே காண வேண்டும். பிறகு செயற்கைச் சுமையை முழுதாக ஏற்றி மறுபடி பாருங்கள். இரைச்சல் சுமையோடு சேர்ந்து ஏறினால் அது பிம். சுமை ஏறாமலேயே உயர்ந்திருந்தால் வெளியாரின் குறுக்கீடு. 1800-ஐ மட்டும், 2300-ஐ மட்டும், பிறகு இரண்டையும் என்று மாற்றி மாற்றி ஏற்றினால் எந்த இணை குற்றவாளி என்பது அரை மணியில் தெரிந்துவிடும். 2300 அப்படி நேரம் மாற்றி இயங்கும் டிடிடி முறையில் இயங்குவதால், அதன் டவுன்லிங்க் நேரத்தில் மட்டுமே அது பிறருக்குத் தொல்லை தரும். சராசரி எண் நல்லதாகத் தோன்றினாலும் உச்ச எண்ணையும் பாருங்கள்.

கடலோர ஊர் ஒன்றின் மொட்டைமாடித் தளத்தில் இந்தச் சோதனையை முதலில் செய்யாமல் போனதற்கு மூன்று இரவுகளை நான் இழந்தேன். காம்பைனர் மாட்டிய மறுநாளே அப்லிங்க் இரைச்சல் ஏறியதால் பழி காம்பைனர்மீது விழுந்தது. மாற்றினோம், போகவில்லை. ஜம்பர்களை மாற்றினோம், போகவில்லை. நான்காம் இரவு தொலைவு காட்டும் பிம் கருவி வந்தபோது, பழுது ஆன்டெனாவுக்கு ஆறு மீட்டர் முன்னால் இருப்பதாகக் காட்டியது. விடிந்ததும் பார்த்தோம்: தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த தகரம், உப்புக்காற்றில் துருவேறி, ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தகரம் முன்பே அங்கே இருந்ததுதான். புதிதாக வந்தது அதன்மீது படும் இரண்டாவது அலைவரிசை. வீட்டுக்காரரிடம் பேசி அதை எடுத்துவிட்டு நெகிழி மூடி போட்டதும் இரைச்சல் இறங்கியது.

கடைசியாக, ஜம்பர்கள் குறுக்கே மாறியுள்ளனவா என்று செக்டார் செக்டாராக நடந்து பாருங்கள். காம்பைனர் வந்த பிறகு ஒரு ஜம்பர் இடம் மாறினாலும், ஒரு பட்டை சரியாகவும் மற்றது அடுத்த செக்டாரிலும் பேசும். ரிசீவரின் இரண்டு கிளைகளுக்கிடையே சமிக்ஞை வேறுபாடு 3 டிபிக்கு மேல் நிலையாக இருந்தால் அந்தக் கிளையின் பாதையை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

படி 9: கதிர்வீச்சுச் சான்றும் ஆவணமும்

2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா, பன்னாட்டு வழிகாட்டு அளவின் பத்தில் ஒரு பங்கை வரம்பாக ஏற்றது. அப்போதைய வரம்பு 400 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவெண்ணை 2000-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணாக இருந்தது. 900-க்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட், 2000-க்கு மேல் 1 வாட். புதிய அலைவரிசை சேர்ந்ததும் ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்து எல்லாவற்றையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது. தளத்தைப் பங்கிடும் பிற நிறுவனங்களின் பங்கும் இதில் சேரும். சான்று தாக்கல் செய்யும் நாளில் நடப்பில் உள்ள தொலைத்தொடர்புத் துறை ஆணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆவணக் கோப்பில் இருக்க வேண்டியவை: பிம் கணக்குத் தாள், டில்ட் பிணைப்புக்குக் கிடைத்த ஒப்புதல், நேர்மின்சாரத்துக்குரிய ரேடியோவின் பெயர், சுமையுடனும் சுமையின்றியும் எடுத்த இரைச்சல் எண்கள், காம்பைனரின் ஒவ்வொரு முனையும் லேபிளோடு தெளிவாகத் தெரியும் பகல் வெளிச்சப் படங்கள். காம்பைனரின் தொடர் எண் படத்தில் தெரியவில்லை என்றால், தொழிலாளர்கள் இறங்கும் முன்பே இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.